அப்பாவின் குப்பியில் அம்மாவின் மாத்திரை

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் மலத்தைத்தான் ஆராய்கிறோம். நாகரிகமாகச் சொன்னால் மெட்டபோலோமிக்ஸ். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நாம் சாப்பிட்டதைத் தின்று என்னென்ன பொருட்களை உண்டாக்குகின்றன, நோய் வந்தால் அவை எப்படி மாறுகின்றன என்று இயந்திரத்தில் ஏற்றிப் பார்ப்பது. எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் யாராவது கேட்டால் 'லேப்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, குடல் நோய் இல்லாத வயதான தம்பதிகள் தேவைப்பட்டார்கள். அப்பா அம்மாவையே கேட்டேன். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கொஞ்சம் இளைத்திருந்தார், வயசாகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மலம் எடுத்துத் தர ஆளுக்கொரு குப்பி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை இரண்டு குப்பிகளையும் ஐஸ் பெட்டியில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு ரயிலேறினேன். "இன்னாக்கா, கேக்கா?" என்றாள் தினமும் கூட வரும் பெண். ஆமாம் என்றேன்.

அந்த இயந்திரம் பாக்டீரியா செய்ததை மட்டும் காட்டாது. விழுங்கிய மருந்தின் மிச்சத்தையும் காட்டிக்கொடுக்கும். அம்மாவின் குப்பியில் அவள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை தெரிந்தது. அப்பாவின் குப்பியிலும் தெரிந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது. ஏதாவது கலந்திருக்கும் என்று மற்றதையும் பார்த்தேன். எல்லாமே அச்சு அசலாக ஒன்று. இரண்டு குப்பியும் அம்மாவுடையது.

சுரங்கம் ஓடிய காலத்தில் மெடிக்கல் பரிசோதனை வந்தால், இருமுகிறவனுக்காக நல்ல நெஞ்சுள்ள கூட்டாளி சளி துப்பிக் கொடுப்பானாம். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. ஒருவனும் மாட்டேன் என்று சொன்னதில்லை என்று அப்பாவே சொல்லிச் சிரித்திருக்கிறார். உடம்பில் கோளாறு உள்ளவன்தான் அப்படி அடுத்தவனிடம் போய் நிற்பான்.

அன்று சாயங்காலம் கோபத்தோடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பாவைக் கேட்டேன், அம்மா பதில் சொன்னாள்.

"நான்தான் குடுத்தேன். உங்க அப்பா கேட்டாரு."

"கேட்டா குடுத்துடுவியா?"

"அழுதாருடி. நான் இன்னா பண்றது?"

அப்பா கட்டிலில் உட்கார்ந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. பயம் மட்டும் இருந்தது.

"சுரங்கம் மூடி எத்தினி வருஷம் ஆச்சுப்பா. இப்ப யாரு உங்கள அன்ஃபிட்னு எழுதப் போறாங்க?"

"நீதான்" என்றார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ரத்தம் போகுதாப்பா?"

தலையாட்டினார்.

"எப்பலேர்ந்து?"

"கிறிஸ்மஸ்லேர்ந்து."

அப்போது ஆகஸ்ட் மாதம். அத்தனை நாளும் ஊரார் குடலையெல்லாம் அலசிவிட்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் சாப்பிட்டிருக்கிறேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புற்றுநோய் குடலைத் தாண்டிப் போயிருந்தது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு கிறிஸ்துமஸ்தான் கிடைத்தது.