சாமி என்று சொன்னால் குண்டா கழுவ வேண்டும்

மழைக்காட்டுக்குள் வைத்து ஒரு முறை என் வரிசையில் ஓர் ஆள் குறைந்தார். குறைந்தவர் முட்டை வியாபாரி பழனியப்பன். நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குள் நின்று அவர் போன் பேசினால், வெளியே பூ வாங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒரு சத்தமும் இல்லாமல் காணாமல் போனார் என்பதைத்தான் என்னால் முதலில் நம்ப முடியவில்லை.

நான் நாமக்கல்லில் ஒரு டிராவல்ஸில் டூர் மேனேஜர். திருப்பதி, ராமேஸ்வரம், காசி என்று பாதி ஆயுளை பஸ்ஸின் முன் சீட்டில் கழித்தவள். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் ஆபீஸ் நாற்காலிக்கு மாறிவிட்டேன். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் படிக்க நாலு அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். டிக்கெட் தொலைந்த கதை, பஸ் மக்கர் செய்த கதை எல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

1. கோயில் இல்லாத இடம்

எங்கள் ஊர்க் கோட்டை மலையைச் சுற்றிக் காலையில் நடக்கிற ஒரு கோஷ்டி உண்டு. பழனியப்பன்தான் அதற்குத் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, சத்தம் பெரிதாக இருந்ததால் தலைவரானார். வருஷத்துக்கு ஒரு டூர் எங்களிடம்தான் போடுவார்கள். அந்த வருஷம் ஆபீஸுக்கு வந்தவர் உட்காரும்போதே சொல்லிவிட்டார்.

"அம்மிணி, கோயிலெல்லாம் பாத்தாச்சு. கோயிலே இல்லாத எடமா ஒண்ணு சொல்லு."

மழைக்காட்டு பேக்கேஜ் ஒன்று அப்போதுதான் எங்கள் கைக்கு வந்திருந்தது. பொள்ளாச்சி தாண்டி மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கினால் பாதுகாக்கப்பட்ட காடு. மூன்று நாள். காட்டுக்குள்ளேயே கேம்ப், காட்டு இலாகா கைடு, சொந்தக் காலில் நடை. நானும் அதுவரை போனதில்லை. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பயணத் திட்டத் தாளை நீட்டினேன். அவர் படிக்கவேயில்லை, சரி என்று எழுந்துவிட்டார்.

கிளம்புகிற அன்று முதலாளி டெம்போ டிராவலர் கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "போறவங்க எல்லாரும் திரும்பி வந்தரோணும். மத்த கம்ப்ளெய்ண்ட் எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

2. கேட்டில் சொன்ன விதி

காட்டின் கேட்டில் முதல் வேலையாக எங்கள் சாமான்களைப் பாதியாக்கினார்கள். பாட்டுப் பெட்டி உள்ளே வரக் கூடாது. சென்ட், பவுடர் கூடாது. முறுக்கும் அதிரசமும் பிளாஸ்டிக் கவரில் இருந்ததால் எவர்சில்வர் தூக்குக்கு மாறின. அட்டைப் பூச்சி ஏறாமல் இருக்க ஆளுக்கொரு லீச் சாக்ஸ் கொடுத்தார்கள். முழங்கால் வரை வரும் அந்தத் துணி உறையை மாட்டிக்கொண்டு நடந்த எங்கள் கோஷ்டியைப் பார்த்து நானே சிரித்தேன்.

கைடு பேர் சுப்பு. காட்டுக்குள் இருக்கும் குடியிருப்பில் பிறந்தவர், நாற்பதைத் தொடுகிற வயது. எங்களை மாதிரி எத்தனை கூட்டத்தைப் பார்த்தாரோ, குரலில் ஒரு சலிப்பு இருந்தது. விதிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் கொஞ்சம் நிறுத்தினார்.

"காட்டுக்குள்ள நாங்க யானைன்னு சொல்ல மாட்டோம். சாமின்னுதான் சொல்லுவோம். நான் சாமின்னு சொன்னா நின்ன எடத்துல நின்னுருங்க. பேசாதீங்க, ஓடாதீங்க. புரிஞ்சுதா?"

பழனியப்பனின் மனைவி சரஸ்வதி முதல் ஆளாகப் பதில் சொன்னார். "சரி சாமி."

சுப்பு சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார்.

எங்கள் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெற்ற பிள்ளையும் சாமி, பெரியவரும் சாமி, கறிவேப்பிலை கொசுறு போடுகிற கடைக்காரரும் சாமி. சரஸ்வதிக்கு அந்த வார்த்தை இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. அன்றைக்கு மத்தியானம் நடக்க ஆரம்பித்ததும் கூத்து தொடங்கியது. முன்னால் சுப்பு, கடைசியில் காட்டு இலாகா வாட்சர் ஒருவர், நடுவில் நாங்கள். யாரோ வேர் தடுக்கித் தடுமாற, "பாத்து வா சாமி" என்றார் சரஸ்வதி. வரிசையே அப்படியே நின்றுவிட்டது. வாட்சர் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "தண்ணி வேணுமா சாமி?" மறுபடியும் எல்லாரும் சிலை. சிங்கவால் குரங்கு ஒன்று கிளையில் வந்து உட்கார்ந்ததற்கும், "அட சாமி, மூஞ்சியப் பாரு." அந்தக் குரங்கை நாங்கள் ஒழுங்காகப் பார்க்கவேயில்லை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

சுப்பு என்னிடம் வந்து, இப்படியே போனால் உண்மையான நேரத்தில் யாரும் நம்ப மாட்டார்கள் என்று கவலையாகச் சொன்னார். அது பழனியப்பன் காதில் விழுந்தது. உடனே பஞ்சாயத்து. கேம்ப்பில் எங்களுக்குச் சாம்பார் வைக்கிற பெரிய குண்டா ஒன்று இருந்தது. இனி காட்டுக்குள் யார் சாமி என்று சொன்னாலும் அன்றைக்கு அந்தக் குண்டாவை அவர்கள்தான் கழுவ வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்று சாயங்காலம் சரஸ்வதிதான் கழுவினார். மறுநாள் காலையில் வாயில் ஓர் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு வந்தார், பேச்சு வராமல் இருக்கட்டும் என்று.

3. மழையும் ரேட்டும்

அந்தக் காட்டு மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நாலு தூறல் விழுந்தால் ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் போன் போட்டு, உங்க பக்கம் பேஞ்சுதுங்களா என்று விசாரிப்போம். இங்கே மழை இடியும் இல்லாமல் மின்னலும் இல்லாமல் தன் பாட்டுக்குப் பெய்தது. நின்ற பிறகும் இலைகள் சொட்டிக்கொண்டே இருந்தன. எங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள், ஊருக்குச் சொல்ல. டவர் இல்லை.

மற்றவர்கள் போனைப் பையில் போட்டுவிட்டு மழையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பழனியப்பனால் முடியவில்லை. முட்டை ரேட் ஒவ்வொரு நாளும் மாறும். அதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் ஒரு நாளும் தூங்கியதில்லை. அன்று ராத்திரி கேம்ப் வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் நடந்தார். நான் அதைப் பார்த்து மற்றவர்களோடு சேர்ந்து கிண்டல் செய்தேன். ஒரு டூர் மேனேஜர் கவனித்திருக்க வேண்டிய விஷயம் அது என்று அப்போது தோன்றவில்லை.

4. ஓர் ஆள் குறைவு

இரண்டாம் நாள் இருவாச்சிப் பறவையின் கூட்டைப் பார்க்கப் போனோம். போகிற வழியில் ஓடையின் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. பின்னால் வந்த வாட்சர் முன்னே போய், ஒவ்வொருவராகக் கை பிடித்து மரத்தைத் தாண்டவைத்தார். எல்லாரும் தாண்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கரையில் மூங்கில் அடர்ந்த வளைவுக்கு வந்தோம். பின்பக்கம் ஏதோ கிளை முறிகிற சத்தம் கேட்டது.

சுப்பு கையை உயர்த்தினார். "சாமி."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது. நின்ற இடத்தில் நின்றோம். நான் வழக்கப்படி கண்ணாலேயே தலைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினேன். சரஸ்வதிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய தலை இல்லை.

சரஸ்வதியும் அப்போதுதான் பார்த்தார். ஏலக்காயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மூச்சுக் குரலில் சொன்னார். "ரேட்டு கேக்கப் போயிருப்பாருங்க. அந்தப் பாறையப் பாத்துட்டே வந்தாருங்க." ஓடைக்கு அந்தப் பக்கம், மரங்கள் விலகி வானம் தெரிகிற ஒரு பாறை மேட்டைக் கடந்துதான் வந்திருந்தோம். கிளை முறிந்த சத்தமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

கூப்பிடவும் முடியாது, தேடி ஓடவும் முடியாது. முதலாளி கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னது அப்படியே காதில் கேட்டது. சரஸ்வதி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. சுப்பு எங்களை வாட்சரிடம் விட்டுவிட்டு, ஓடைப் பக்கம் நாலடி வைத்து நின்றார். அவருக்கும் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. மூங்கில் மறைப்பில் மனிதன் எங்கே, யானை எங்கே என்று எப்படித் தெரியும்? தப்பான பக்கம் போனால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்.

அப்போது ஒரு குரல் கேட்டது. சின்னக் குரல். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி.

"போ சாமி... நானு ஒண்ணும் பண்ணலீங் சாமி... ஊட்டுக்குப் போ சாமி..."

இந்தக் காட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். பழனியப்பன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யார் கண்டது. சரஸ்வதிதான், "அவருதானுங்க" என்றார்.

சுப்புவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அவருக்கு இப்போது ஆள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. விடாமல் பேசுவதால் பழனியப்பன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார், ஓடவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. சத்தம் உயர்த்தாமல், நிதானமாகச் சொன்னார்.

"அண்ணா, திரும்பாதீங்க. அப்படியே பின்னால காலை வைங்க. பேச்சை நிறுத்திராதீங்க."

பழனியப்பன் பேசினார். ஊட்டுக்குப் போ என்று இன்னும் இரண்டு தடவை சொன்னார். அதற்கு மேல் யானையிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், அப்போதுதான் பாறை மேல் நின்று போனில் கேட்டிருந்த விஷயத்தை அதனிடமே சொல்ல ஆரம்பித்துவிட்டார். "ரேட்டு எறங்கிப் போச்சு சாமி... தம்பி இப்பத்தான் சொன்னான் சாமி... என்ன பண்றது சாமி..."

அந்த இடத்தில் எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மூங்கில் முறிகிற சத்தம் ஒரு தடவை பக்கத்தில் கேட்டது. அப்புறம் கொஞ்சம் தள்ளி. அப்புறம் இன்னும் தள்ளி. சுப்பு போய், புதரை விலக்கி, பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்த அவர் முதுகில் கை வைத்தார். அந்தக் கை பட்டதும்தான் பழனியப்பன் பேச்சை நிறுத்தினார்.

மரத்தைத் தாண்டி வந்து நின்றவரைப் பார்த்து சரஸ்வதி "ஏனுங்க" என்றார். அவர் புஜத்தில் ஓங்கி ஒரு அடி வைத்தார், பிறகு அதே புஜத்தில் முகத்தை வைத்து அழுதார். நான் ஈரத் தரையென்றும் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. அட்டைகள் ஏறின, ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.

5. குண்டா

கேம்ப்புக்கு வந்ததும் பழனியப்பன் நேராகக் குழாயடிக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குண்டாவைத் தேய்க்க உட்கார்ந்தார். சமையல்காரர் பதறிப்போய், விடுங்க சார் என்றார்.

"விதி போட்டது நானுங்க" என்றார் அவர்.

சரஸ்வதி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பலை எடுத்துக் கொடுத்தார். எத்தனை தடவை சாமி சொன்னீர்கள் என்று எண்ணினீர்களா, அத்தனை நாள் கழுவ வேண்டும் என்றார். அவர் இன்னும் அழுத்தித் தேய்த்தார். சுப்பு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு தானும் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினார்.

அன்று சாயங்காலம் நான் ஒரு வேலை செய்தேன். இரண்டு வேளையும் கேட்டிலிருந்து பால் கொண்டு வரும் ஜீப் டிரைவரிடம் பழனியப்பனின் தம்பி நம்பரைக் கொடுத்து, பாலோடு ரேட்டையும் கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் ஜீப் வந்தது. டிரைவர் பால் கேனை இறக்கிவிட்டு ரேட்டைச் சொன்னார். பழனியப்பன் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார். அன்றைக்குக் கேட்டைத் தாண்டும்வரை அவர் போனை வெளியே எடுக்கவில்லை. இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் பறந்து போனபோது அதன் சிறகுச் சத்தத்தை முதலில் கேட்டவர் அவர்தான்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது அந்தப் பால் ஜீப்பில் இருக்கிறது. நாம் ஆட்களைச் சேர்க்கும்போது சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, மாடி ஏற முடியுமா என்று கேட்கிறோம். இன்னொன்றையும் கேளுங்கள். எது ஒன்றுக்காக நீங்கள் வரிசையை விட்டுப் போவீர்கள்? நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். டீ குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டால் வந்துவிடும். ஒருவருக்கு மகளின் போன், ஒருவருக்குப் போட்டோ, ஒருவருக்குப் பீடி. அது என்னவென்று தெரிந்துகொண்டு, முடிந்தால் வரிசைக்குள்ளேயே கொடுத்துவிடுங்கள். முடியாது என்றால் அந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடங்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கேட்டைத் தாண்டி வண்டியில் ஏறினோம். டிரைவர் இஞ்சினைப் போட்டார். நான் முன்னால் நின்று வழக்கம்போலப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். பழனியப்பன் பேர் வந்ததும் வண்டிக்குள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பினார்கள்.

"இங்கதான் இருக்கறேன் சாமி" என்றார், கடைசி சீட்டிலிருந்து. மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.