எஸ்தர் பெரியம்மா வைத்த சேனை

எஸ்தர் பெரியம்மாவின் கைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் உதவியாளர். துணி மாற்றுவது, குழந்தைகளைக் கிடத்தும் பெட்டிகளைத் துடைப்பது, தாய்மார்களை உள்ளே அழைத்து வருவது எல்லாம் அவர் வேலை. ஒவ்வொரு குழந்தையிடம் போகும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவிக் கழுவித் தோல் அப்படி ஆகிவிட்டது. குழம்பு பட்டால் எரியும் என்று வீட்டில் ஸ்பூனால்தான் சாப்பிடுவார். பெரியப்பா இறந்த பிறகு அந்த வேலையை வைத்துத்தான் மகன் ஜோசுவாவை ஆளாக்கினார். ப்ளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்னவென்று தெரியாமல் செவிலிமேட்டில் அவர் வீட்டிலேயே கிடக்கும் என்னையும் இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வார்டில் எல்லாருக்கும் அது தெரியும்.

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பதுதான் சேனை. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் சாந்தமான ஆளாகத் தேடிக் கூப்பிடுவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இதற்கு அனுமதியே கிடையாது. டம்ளரோடு வந்த எத்தனையோ பேரைப் பெரியம்மாவே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

திருப்புட்குழி பூவம்மாளை மட்டும் அவரால் திருப்பி அனுப்ப முடியவில்லை. பூவம்மாளின் மருமகள் அபிநயாவுக்குக் குறைமாதத்தில் ஒரு பையன் பிறந்திருந்தான். அந்த வீட்டு ஆண்கள் எல்லாரும் முன்கோபிகள். வரப்புத் தகராறில் மண்டையை உடைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனவர்கள். பேரனாவது வேறு மாதிரி வரட்டும் என்று பூவம்மாள் பெரியம்மாவின் பின்னாலேயே அலைந்தார்.

"நீ வச்சாத்தான்மா ஆவும். ஒரே சொட்டு."

பெரியம்மா கையைக் கழுவினார். யாரும் பார்க்காத நேரத்தில் விரலை நனைத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தார்.

இரண்டொரு நாளில் அந்தக் குழந்தை பால் குடிக்காமல் துவண்டுபோனது. அடுத்து, பக்கத்துப் பெட்டிகளில் இருந்த இரண்டு குழந்தைகளுக்கும் அப்படியே ஆனது. மூன்று பேர் இரத்தத்திலும் கிளெப்சியெல்லா என்ற ஒரே பாக்டீரியா வளர்ந்தது. ஊழியர்கள் எல்லார் கையையும் பஞ்சுக்குச்சியால் துடைத்துச் சோதித்தார்கள். பெரியம்மாவின் கையில் மட்டும் அதே பெயர் வந்தது. அத்தோடு தேடுவதை நிறுத்திவிட்டு அவரைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

கேட்டில் நிற்கும் காவலாளி தணிகாசலம் தன் டீ கிளாஸைத் தூக்கி மறைத்து, "எட்டியே நில்லு எஸ்தரம்மா, எனக்கும் புள்ளகுட்டி இருக்குது" என்று சிரித்தார். அபிநயாவின் மாமனார் கேட்டுக்கு வெளியே நின்று, அந்தப் பொம்பளையை உள்ளே விட்டவன் யார் என்று கத்தினார். பெரியம்மா தலைகுனிந்து அவரைக் கடந்து போனார்.

சுகாசினி டாக்டர் மட்டும் பெயர் ஒன்றாக இருப்பதால் எதுவும் முடிவாகாது என்றார். குழந்தைகளின் மாதிரியையும் பெரியம்மாவின் கையில் எடுத்ததையும் சென்னைக்கு ஜீனோம் சோதனைக்கு அனுப்பினார். கிருமிக்குள் இருக்கும் மரபு எழுத்துகள் முழுவதையும் படித்து ஒப்பிட்டால், எது எதோடு சேர்ந்தது என்று தெரியுமாம். ஒவ்வொரு முறை பெருகும்போதும் அங்கங்கே ஒரு எழுத்து மாறுமாம். மாறியது வழிவழியாக வரும்.

வீட்டில் இதை நான் சொன்னபோது ஜோசுவாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் ஐயம்பேட்டையில் பட்டுத்தறி நெய்கிறான். பார்டரில் டிசைன் விழுவதற்குத் தறியின் மேலே ஓட்டை போட்ட அட்டைகள் ஓடும்.

"அட்டையில ஒரு ஓட்டை தப்பா விழுந்தா, அந்தத் தறியில வர்ற அத்தனை புடவையிலயும் மயிலுக்கு அதே இடத்துல ஒரு இறகு கொறையும். ஊர் பூரா மயில் பார்டர்தான். ஆனா அந்த இறகைப் பார்த்தா எந்தத் தறின்னு சொல்லிடலாம்."

பெரியம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

முடிவு வருவதற்குள் நான்காவதாக ஒரு குழந்தைக்கும் அதே நோய் கண்டது. பெரியம்மா அந்தப் பிரிவுக்குள் காலே வைக்காத நாட்களில் பிறந்த குழந்தை அது. அப்புறம்தான் கை கழுவும் தொட்டியின் வடிகாலைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே வழவழவென்று படிந்திருந்ததை எடுத்து அதையும் சென்னைக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் தணிகாசலமே டீ வாங்கி வந்து பெரியம்மாவின் கையில் கொடுத்தார். தொட்டிதான் காரணம் என்று எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்றுதான் பெரியம்மா சேனை வைத்ததை எங்களிடம் சொன்னார்.

ஜோசுவா எழுந்து கதவைச் சாத்தினான். "வாயை மூடிக்கினு இரும்மா. இப்பத்தான் வெளிய வந்திருக்க. மறுபடி ஏன் போய் விழற?"

"மத்த புள்ளைங்க தேறுதுங்க. பூவம்மா பேரன் மட்டும் கண்ணைத் திறக்கல ஜோசுவா."

காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பினார். நானும் கூடப் போனேன். டாக்டர் முழுவதையும் கேட்டார். பிறகு, வேலை போகலாம் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டார். பெரியம்மா தலையாட்டினார். முடிவு வரும்போது பூவம்மாளும் கூட இருக்க வேண்டும், அது ஒன்றுதான் தன் வேண்டுகோள் என்றார்.

முடிவு வந்த அன்று பூவம்மாளும் அபிநயாவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. டாக்டர் நிதானமாகச் சொன்னார். மற்ற மூன்று குழந்தைகளின் கிருமியும் தொட்டியில் இருந்ததும் ஒன்று. அபிநயாவின் குழந்தைக்கு வந்தது வேறு. அது பெரியம்மாவின் கையில் இருந்ததோடு ஒத்துப்போகிறது.



கையிலிருந்து குழந்தைக்குப் போனதா, குழந்தையைத் தொட்டதில் கைக்கு வந்ததா என்பதை இந்தச் சோதனையால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். வெடித்த தோலில் கிருமி ஒளிந்துகொள்ளும், எவ்வளவு கழுவினாலும் போகாது என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்ற அந்த ஒரு வாக்கியம் போதும், பெரியம்மா தப்பிக்க. ஆனால் அவர் பூவம்மாளின் காலடியைப் பார்த்து, "நான் வச்சிருக்கக் கூடாதுமா" என்றார். அபிநயா முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தக் கிருமிக்கு ஏற்றபடி குழந்தைக்கு மருந்தை மாற்றினார்கள். அதன் பிறகும் பல நாட்கள் ஒன்றும் சொல்ல முடியாமல் இருந்தது. வேலை போகாத பெரியம்மா சலவைப் பிரிவிலிருந்தபடி மேலே போய் வரும் நர்சுகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் அவர் ஜெபம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஒரு நாள் குழந்தை பால் குடித்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பெரியம்மா துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வராந்தா ஓரமாக ஒதுங்கினார். அபிநயா குழந்தையோடு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். பூவம்மாள் மட்டும் பெரியம்மாவின் எதிரே வந்து நின்றார்.

"உன் குணம் வரணும்னுதான் கேட்டேன். வந்தது உன் கிருமி."

பெரியம்மா கையுறை போட்ட கைகளால் வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். பூவம்மாள் ஆட்டோவை நோக்கி நடந்தார். ஏறுவதற்குக் காலைத் தூக்கியவர், இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார்.

"நீயா வந்து சொன்னியே, எஸ்தரு," என்றார், பெரியம்மாவின் முகத்தைப் பார்க்காமல். "எங்க வூட்டுல ஒருத்தனும் அப்படிச் சொன்னதில்ல. அந்தக் குணமும் புள்ளைக்கு வந்திருந்தா சரி."

ஆட்டோ கிளம்பியது. பெரியம்மா கையுறையைச் சரியாக இழுத்து மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளினார்.