வல்லரசு கை தூக்கியது

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு: இன்று எங்கள் பள்ளி மண்டபத்தில் கூடிய மாதிரி ஐ.நா. சபையில், வல்லரசின் தூதர் அடியேன்தான்.

வல்லரசுக்கு வீட்டோ உண்டு. நான் கை தூக்கினால் எந்தத் தீர்மானமும் செத்தது. போர்நிறுத்தம் வந்தது, தூக்கினேன். கோதுமை உதவி வந்தது, தூக்கினேன். மண்டபமே சிரித்தது.

மூன்றாவது, எங்கள் தோட்டத்து லய வீடுகளில் வசிக்கும் செல்வத்தின் தீர்மானம். அவன் வாசிக்கத் தொடங்கும் முன்பே தூக்கிவிட்டேன்.

திரும்பும்போது யட்டவத்த போகும் பஸ்ஸில் செல்வம் கேட்டான்: "டேய் வல்லரசு, அது என்னா தீர்மானம்னு தெரியுமா?"

"தெரியாதுடா."

"நாடில்லாதவங்களுக்குப் பிரஜாவுரிமை குடுக்கணும்னு எழுதியிருந்தேன். ஒங்கப்பாவையும் எங்கப்பாவையும் நெனச்சுத்தான்டா."

இரண்டு அப்பாக்களின் பிரஜாவுரிமை மனுக்களும் போன மாதம்தான் நிராகரிக்கப்பட்டுத் திரும்பின. படித்துக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார்கள் என்று கந்தோர் அதிகாரிகளைத் திட்டித் தீர்த்தவன் நான்.

நானும் படிக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அதனால் தூக்கினேன்.

செல்வம் பேசமாட்டேன் என்கிறான். சமாதானத் தூதர் யாராவது இருந்தால் வாருங்கள்.