ட்ரிகர் இல்லாத டிராம்போன்

அக்காவுக்கு எந்தச் சட்டை வாங்கினாலும் கைப்பக்கம் மடித்துத் தைக்க வேண்டும். அம்மா ஓட்டல் ஒன்றின் துணி அறையில் வேலை பார்த்ததால் ஊசியும் நூலும் எப்போதும் அவள் கைப்பையிலேயே இருக்கும். வாங்கின அன்றே தைத்து முடித்துவிடுவாள். இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. ஆள் குள்ளம், அதற்கேற்ற கை, அவ்வளவுதான். அவள் டிராம்போன் வாசிக்க ஆரம்பிக்கிற வரைக்கும் அது ஒரு விஷயமாகவே இல்லை.

அதை அவள் தேடிப் போகவில்லை. எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் இளைஞர் பேண்டு ஒன்று தொடங்கி, வாத்தியங்களை இரவல் கொடுத்தார்கள். அக்காவுக்கு அன்றைக்குப் பார்த்துப் பல்வலி. டாக்டரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வீங்கின கன்னத்தோடு கடைசி ஆளாகப் போய் நின்றாள். புல்லாங்குழல் போயிருந்தது, கிளாரினெட் போயிருந்தது, ட்ரம்பெட்டுக்கு அடிதடி நடந்துகொண்டிருந்தது. நீளமான பெட்டி ஒன்று மட்டும் கேட்பாரில்லாமல் மூலையில் கிடந்தது. "கன்னம் ஏற்கெனவே உப்பியிருக்கு, உனக்கு இதுதான் சரி" என்று பேண்டு மாஸ்டர் அதைத் தூக்கிக் கொடுத்தாராம்.

டிராம்போனில் விரல்களுக்குப் பெரிய வேலை கிடையாது. ஸ்லைடு என்கிற நீளக் குழாயை வலது கையால் முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் சுரத்தை மாற்ற வேண்டும். முகத்துக்குப் பக்கத்தில் முதல் இடம். கை முழுக்க நீண்டு முடிகிற இடத்தில் ஏழாவது. நடுவில் கோடோ புள்ளியோ எதுவும் இருக்காது, கைக்கே தெரிய வேண்டும். அக்காவின் கைக்கு ஐந்தாவது வரை அச்சாகத் தெரியும். ஆறாவதற்குத் தோளையும் சேர்த்து அனுப்புவாள். ஏழாவதற்குத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, குழாயை விரல் நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே விழுந்ததை எட்டி எடுக்கிறவள் மாதிரி நிற்பாள். அப்படியும் கொஞ்சம் தூரம் மீதி இருக்கும்.

ஒருநாள் ஒத்திகையில் அந்த விரல் நுனியும் விட்டுவிட்டது. ஸ்லைடு கழன்று கிளாரினெட்காரர்களின் தலைக்கு மேலே பறந்து, மாஸ்டரின் நோட்டு ஸ்டாண்டைச் சாய்த்துவிட்டு விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. குழாயின் முனைதான் கொஞ்சம் நசுங்கியது. அன்றிலிருந்து அவள் பெயர் அம்பு.

பெயர் வைத்தவன் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டிராம்போன் வாசித்தவன். நெடுநெடுவென்று வளர்ந்தவன் என்பதால் அவனை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்பார்கள். அவன் கை ஏழாவது இடத்துக்குப் போய்விட்டு இன்னும் போகலாமா என்று கேட்கும். அக்கா கூடத்துக்குள் நுழைந்தால் போதும். "அம்பு வந்துட்டா, எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கோங்க" என்பான். எல்லோரும் குனிவார்கள். அக்காவும் சிரிப்பாள். கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துவிட்டால் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

ஆனால் வாசிப்பு என்று வந்தால் அவள்தான். ஒட்டடைக்குச்சி வாசித்தால் சத்தம் வரும். அவள் வாசித்தால், பக்கத்து அறையில் கேரம் ஆடுகிறவர்கள் காயை அடிக்காமல் ஒரு நொடி நிறுத்துவார்கள்.

மூன்று வருடம் கழித்து மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். நானும் அவளோடு வீட்டுக்குத் திரும்புவதற்காக வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"இது படிக்கிற பசங்களுக்கான டிராம்போன். உன் மூச்சுக்கு இது பத்தலை. சொந்தமா நல்லதா ஒண்ணு வாங்கிடு. அடுத்த வருஷம் நகர ஆர்கெஸ்ட்ராவுல ரெண்டாவது டிராம்போன் நாற்காலி காலியாகுது. போய் வாசிச்சுக் காட்டு."

"நானா மாஸ்டர்?"

"பின்ன, பெட்டியா போய் வாசிக்கும்? வாங்கும்போது ட்ரிகர் வச்சதாப் பாரு. பின்பக்கம் ஒரு சுருள் குழாய் கூடுதலா இருக்கும். இடது கட்டைவிரலால லீவரை அழுத்தினா காத்து அது வழியா சுத்திப் போகும். ஆறாவது ஏழாவது சுரமெல்லாம் பக்கத்துலயே வந்துடும். ரெண்டாவது நாற்காலிக்குக் கீழ் சுரம்தான் ஜாஸ்தி. புரியுதா?"

அக்கா தலையாட்டினாள். அவள் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. டிராம்போனைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்த ஒட்டடைக்குச்சி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்.

"ட்ரிகரா? அது போங்காட்டம். கை இருக்கிறவன் கையால வாசிப்பான்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வாத்தியக் கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் போனோம். கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மாஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்தார். எங்களைக் கம்பளம் ஒட்டின ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய், மேஜைமேல் இரண்டு டிராம்போன்களை வைத்தார். ஒன்றில் ட்ரிகர் இருந்தது. பின்னால் சுருண்ட குழாயோடு, நிறைய நரம்பு தெரிகிற கை மாதிரி இருந்தது. மற்றதில் ஒன்றும் இல்லை. வெறும் வளைவும் நீளமும்தான்.

அக்கா முதலில் ட்ரிகர் வைத்ததை எடுத்தாள். இடது தோளில் அதன் கனம் இறங்குவது தெரிந்தது. கொஞ்சம் தடுமாறி, கட்டைவிரலுக்கு இடம் கண்டுபிடித்து, கீழே இறங்கி இறங்கி வாசித்தாள். இத்தனை நாள் அவள் எட்டி எட்டிப் பிடித்த சுரங்கள் முழங்கை மடங்கியபடியே வந்தன. அவள் நிறுத்திவிட்டு, யாரோ தன் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி எங்களைப் பார்த்தாள்.

"இதுதான்" என்றார் அப்பா. அவருக்கு இசை தெரியாது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். உராயாமல் ஓடுகிற எதையும் அவருக்குப் பிடிக்கும்.

கடைக்காரம்மாவுக்கும் சந்தோஷம். நல்ல மனுஷி. அக்காவின் கையைப் பிரியமாகத் தொட்டுச் சொன்னார். "பாத்தியாம்மா, கை எட்டாதவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

அக்கா டிராம்போனை மெதுவாக மேஜைமேல் வைத்தாள். மற்றதை எடுத்தாள். அதில் தனக்கு வருகிற சுரங்களை மட்டும் வாசித்தாள். அதுவும் பொய்யில்லை, நல்ல வாத்தியம்தான். மேலே போகப்போக அதன் குரல் பளிச்சென்று இருந்தது.

"எனக்கு இது."

"மாஸ்டர் அதையில்ல சொன்னாரு" என்றார் அப்பா.

"மாஸ்டரா வாசிக்கப் போறாரு?"

"வேணும்னா ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வாசிச்சுப் பாரும்மா" என்றார் கடைக்காரம்மா. "ஒண்ணும் அவசரமில்ல. வாங்கின பிறகும் மாத்திக்கலாம்."

"பாத்தாச்சு மேடம்."

பஸ்ஸில் பெட்டியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏறுகிறவர்கள் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டு போனார்கள். அப்பா ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நான் வேலை பாக்கிற கட்டடத்துல கால் நல்லா இருக்கிறவனும் லிஃப்ட்லதான் போறான்" என்றார்.

"நான் படியில போறேன்ப்பா."

அவர் அதோடு விட்டுவிட்டார். படியில் போகிறவர்களை அவருக்கு எப்போதுமே கொஞ்சம் பிடிக்கும் என்பதும் ஒரு காரணம்.

அந்த வருடம் முழுக்க அக்கா படியில்தான் ஏறினாள். ஆர்கெஸ்ட்ராவிலிருந்து பரீட்சைக்கான பகுதிகளை அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு சுரங்கள். பியானோவில் ஒட்டி உட்கார்ந்திருக்கிற இரண்டு கட்டைகள்தான், ஆனால் ஸ்லைடில் ஒன்று முதல் இடம், மற்றது ஏழாவது இடம். கண் சிமிட்டுகிற நேரத்தில் போய்த் திரும்ப வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. ட்ரிகர் இருந்தால் ஒரு விரல் அழுத்தலும் ஒரு சின்னத் தள்ளலும்தான். அக்கா சமையலறைக் கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தோளை நீட்டிப் பழகினாள். ஸ்லைடில் திரைச்சீலைக் கயிற்றைக் கட்டி, வீசி இழுத்துப் பார்த்தாள். அம்மா அவள் தோளுக்கு வெந்நீர்ப்பை வைத்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கடையில மாத்தித் தர்றேன்னு சொன்னாங்களாமே. அப்பா சொன்னாரு."

"இது பழகிடுச்சும்மா."

"தோளு என்ன சொல்லுது?"

"தோளுக்கும் பழகிடும்."

மாஸ்டர் புது டிராம்போனைப் பார்த்த அன்றைக்கு ட்ரிகர் இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாராம். பிறகு, "சரி, இதுல என்ன பண்ண முடியும்னு பாப்போம்" என்றாராம். அக்கா அதைப் பாராட்டு மாதிரி வீட்டில் வந்து சொன்னாள்.

பரீட்சை அன்று நான் துணைக்குப் போனேன். நீளமான நடைபாதை. சுவரோரமாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பெட்டி. முதலில் ஒரு பெரியவர் வந்து விதிகளைச் சொன்னார். மேடைக்குக் குறுக்கே திரை போட்டிருக்கிறது. வாசிப்பது யார் என்று நடுவர்களுக்குத் தெரியாது. யாரும் பேசக் கூடாது, தொண்டையைக்கூடக் கனைக்கக் கூடாது. செருப்புச் சத்தம் கேட்டு ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடாமல் இருக்கத் தரையில் கம்பளம் விரித்திருக்கிறார்கள்.

அவர் போன பிறகுதான் அக்கா சுற்றிலும் பார்த்தாள். வாய் திறந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பின்னால் அந்தச் சுருள் குழாய் இருந்தது. எல்லாரும் அவளைவிட உயரம். ஒரு ஆள் கதவு நிலையில் குனிந்துதான் உள்ளே வந்தார். அவருடையதிலும் இருந்தது.

கடைசியாக ஒட்டடைக்குச்சி மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். "அம்பு, ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்டபடி பெட்டியைத் திறந்தான். புது டிராம்போன். அவன் கட்டைவிரல் பழகின மாதிரி லீவரின் மேல் போய் உட்கார்ந்தது.

"ட்ரிகர் வாங்கிட்டியா?" என்றாள் அக்கா.

"பின்ன? இது இல்லாம அந்த ரெண்டு சுரத்தை எப்படி வாசிக்கிறது? உன்னோடது எங்கே?"

"போங்காட்டம்னு சொன்னியே."

"யாரு, நானா? எப்போ?"

அவன் நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, "சும்மா ஏதாவது உளறியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு எண்ணெய்ப் புட்டியைத் தேட ஆரம்பித்தான். அக்கா தன் பெட்டியின் மூடியைச் சாய்த்துக்கொண்டாள்.

அவளைக் கூப்பிட்டபோது நான் கதவுக்கு வெளியே நின்றேன். முதல் பகுதி மெதுவான பாட்டு. அதை அவள் வாசித்தபோது நடைபாதையில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். ஒட்டடைக்குச்சிகூட எண்ணெய் போடுவதை நிறுத்தினான். பிறகு அந்த இரண்டு சுரங்கள் வந்தன. முதல் தடவை கிட்டத்தட்ட சரியாக இருந்தது. இரண்டாவது தடவை சுரம் ஒரு மயிரிழை மேலேயே நின்றுவிட்டது. மூன்றாவதில், ஈரத் தரையில் கால் வழுக்குகிற மாதிரி, ஒரு சுரம் இன்னொன்றுக்குள் இழுபட்டது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் மரியாதையாக, "நன்றி, போதும்" என்றது.

நாற்காலி ஒட்டடைக்குச்சிக்குக் கிடைத்தது. அவன் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். கச்சேரிக்கு இலவச டிக்கெட் அனுப்புவான், மேலே 'அம்புவுக்கு' என்று எழுதி. அக்கா போவாள். மாடியில் உட்கார்ந்து அவன் இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃப்ரேமின் கால்களை வெப்பக்காற்றில் காட்டி இளக்கி, காதின் வளைவுக்கு மடித்துக் கொடுக்கிற வேலை. நல்ல கை என்று முதலாளி சொல்கிறார். பொதுக்கூடத்து பேண்டில் இன்னும் வாசிக்கிறாள், மேல் சுரங்கள் வருகிற பகுதியை. அம்பு என்று யாராவது கூப்பிட்டால் என்ன என்று திரும்புகிறாள்.

ஒரு விஷயம்தான் மாறியிருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவுக்கு ஏன் மறுபடி போகவில்லை என்று யார் கேட்டாலும், "கை எட்டலைங்க" என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறாள். கையை நீட்டிக்கூடக் காட்டுகிறாள். அந்த ஒரு வார்த்தை காதில் விழக்கூடாது என்றுதானே அன்றைக்கு வாத்தியக் கடை மேஜையிலிருந்து மற்றதை எடுத்தாள். இப்போது அதன் பின்னால்தான் போய் நின்றுகொள்கிறாள். வேறொன்றைச் சொல்வதைவிட அது சுலபம். கேட்கிறவர்களும் ஐயோ பாவம் என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டில் நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

போன மாதம் அவளைக் கூட்டிப்போகக் கடைக்குப் போயிருந்தேன். மாஸ்டர் படிக்கிற கண்ணாடி வாங்க வந்திருந்தார். அக்கா அவர் காதுக்குப் பின்னால் விரலை வைத்து ஃப்ரேம் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது நாற்காலிக்கு ஆள் எடுக்கிறாங்களாம். கேள்விப்பட்டியா?" என்றார்.

"கை எட்டாது மாஸ்டர்."

அவர் புதுக் கண்ணாடி வழியாக அவளை நிமிர்ந்து பார்த்தார். எல்லோரையும் போல அவரால் ஐயோ பாவம் என்று சொல்ல முடியவில்லை.

"ட்ரிகர்ல எட்டுமேம்மா."

அக்கா கண்ணாடியைக் கழற்றி, துணியால் துடைத்து, உறையில் போட்டுக் கொடுத்தாள். "தளர்ந்தா கொண்டு வாங்க மாஸ்டர், சும்மாவே சரிபண்ணித் தர்றேன்" என்றாள். அவர் உறையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு நடக்கும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

"போய்த்தான் பாரேன்க்கா. ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கலாம். வரலைன்னா விட்டுடலாம்."

"வரலைன்னா பரவாயில்லடா."

"பின்ன என்ன?"

சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்த பிறகும் அவள் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"சுலபமா வந்துடுச்சுன்னா என்னடா பண்றது" என்றாள்.