கண்ணாடி ஓரத்துப் பொட்டுகள்

1. சிவப்பு விளக்கு

கேமரா மேல் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் பார்த்தேன். எதிரே இருந்த மானிட்டரில் என் முகம். நெற்றியில் மெரூன் நிறப் பொட்டு. வாய் அது பாட்டுக்கு நேயர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

என் கணவர் கோபால் மஞ்சள் காமாலையில் இறந்து அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு நான் வாசித்த முதல் செய்தி அது.

நேரடி ஒளிபரப்பு. கையை நெற்றிக்குக் கொண்டுபோனால் தமிழ்நாடே பார்க்கும். புல்லட்டின் முடியும்வரை அந்தப் பொட்டோடுதான் உட்கார்ந்திருந்தேன். சட்டசபை, மழை நிலவரம், விளையாட்டு எல்லாம் வாசித்தேன். ஒரு வரிகூடத் தடுக்கவில்லை. உள்ளே மட்டும் கொதித்தது.

நடந்தது இதுதான். எண்பதுகளில் சென்னையில் எங்கள் தொலைக்காட்சி நிலையத்தின் மேக்கப் அறையில் பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது. வாசிக்க வரும் பெண்கள் வேலை முடிந்ததும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போவோம். எல்லார் வீட்டிலும் செய்வதுதான். மேக்கப் போடும் சூசை வேகமான ஆள். பவுடர் போட்டு, முடியை ஒதுக்கி, ஓரத்திலிருந்து ஒரு பொட்டை எடுத்து நெற்றியில் அழுத்தி, "போங்கக்கா" என்பார். எத்தனையோ வருஷமாக அந்தக் கைக்குப் பழகிய வேலை. அன்று நான் ஸ்கிரிப்டில் கண்ணாக இருந்தேன், அவர் கை பழக்கத்தில் எடுத்து வைத்துவிட்டது.

வாசித்து முடித்து மேக்கப் அறைக்குத் திரும்பியபோது சூசை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, சத்தியமா ஞாபகமே இல்லக்கா. கை அது பாட்டுக்கு எடுத்து வச்சிடிச்சி. மன்னிச்சிருங்கக்கா."

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பொட்டை எடுத்துப் பார்த்தேன். அது என்னுடையதேதான். கோபால் உயிரோடு இருந்தபோது கடைசியாக வாசித்த அன்று நானே ஒட்டிவிட்டுப் போனது. அதை மறுபடி கண்ணாடியில் ஒட்டும்போதுதான் அழுகை வந்தது.

2. இரண்டு பக்கமும் அடி

நான் மாதச் சம்பளக்காரி இல்லை. கேஷுவல் ரீடர். கூப்பிட்ட நாளுக்கு மட்டும்தான் பணம். பிறந்த வீடு திண்டிவனம், புகுந்த வீடு விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால். டியூட்டி நாளில் ரயிலில் எழும்பூர் போய், இரவு ஹாஸ்டலில் தங்கி, மறுநாள் காலை திரும்பி வருவேன். கோபால் போன பிறகு எனக்கும் மகளுக்கும் அதுதான் சோறு. அந்த நாற்காலி போனால் எங்கள் பிழைப்பே போச்சு.

மொட்டை மாடியில் உயரமாக ஆன்டெனா கட்டினால் விழுப்புரத்தில் எங்கள் நிலையம் தெரியும். கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். ஆனால் அதிலும் பொட்டு தெரியுமே.

மறுநாள் வீட்டு வாசலிலேயே அத்தை பிடித்துக்கொண்டார்.

"ஊரே பாத்துக்கினு இருக்குது, நீ பொட்டு வச்சிக்கினு வணக்கம் சொல்ற. எம் புள்ள போயி நாலு மாசந்தான் ஆவுது. நான் எப்பிடி இனிமே தெருவுல போயி தண்ணி புடிப்பேன்?"

"மேக்கப்காரர் தெரியாம வச்சிட்டாருங்க அத்தை."

"அவுரு வச்சா ஒனக்கு எடுக்கக் கை இல்லியா? மொதல்ல அந்த வேலைய வுட்டுடு."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் என்றால் நாளை, மறுநாள் என்று தள்ளிக்கொண்டே போவார். டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையதுதான். அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்ததே எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அடுத்த டியூட்டியில் பொட்டில்லாமல் வாசித்தேன். சூசை என் நெற்றிப் பக்கமே வரவில்லை. முடித்து வெளியே வந்தால் தயாரிப்பாளர் காத்திருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் போன் மணி அடித்தாலே நடுங்குகிறவர்.

"வசந்தா, தப்பா எடுத்துக்காதீங்க. நெத்தி வெறிச்சுனு இருக்குனு போன் மேல போன். வெளக்கேத்தற நேரத்துல இப்படி ஒரு முகமானு கேக்கறாங்க. ஒரு சின்னப் பொட்டு. அதுல என்னம்மா கஷ்டம்?"

"வீட்ல பிரச்சினை ஆகும் சார்."

"அப்ப ஸ்க்ரீன் வேணாம். பின்னணிக் குரல் மட்டும் குடுங்க. அடுத்த மாசம் பாப்போம்."

பின்னணிக் குரலுக்கு எப்போதாவதுதான் கூப்பிடுவார்கள். அடுத்த மாதம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பொட்டு வைத்தால் வீட்டில் வேலையை விடச் சொல்கிறார்கள். வைக்காவிட்டால் நிலையத்தில் வேலை இல்லை என்கிறார்கள். தெரு, நேயர், அத்தை, தயாரிப்பாளர் எல்லாருக்கும் என் நெற்றியில் பங்கு இருந்தது. உனக்கு என்னம்மா வேண்டும் என்று மட்டும் ஒருவர் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது.

3. மஞ்சள் கோட்டு

அந்த மாதமே எங்களுக்குப் பயிற்சி கொடுக்க இங்கிலாந்திலிருந்து எலினார் என்கிற பெண்மணி வந்தார். அங்கே தொலைக்காட்சியில் பல வருஷம் செய்தி வாசித்தவர். சின்ன ஊர் வானொலியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, ஒருநாள் வாசிப்பவர் வராததால் மைக்கின் முன் உட்கார்ந்து, அப்படியே டிவி வரைக்கும் போனவர். கான்டீனில் காபி குடிக்கும்போது கதை கதையாகச் சொல்வார். முதல் முறை முக்கியச் செய்தியறிக்கையை வாசித்ததும் வந்த கடிதங்களில் பாதி அவருடைய கழுத்து மாலையைப் பற்றித்தானாம்.

"உங்க ஊர்லயுமா?" என்றேன்.

என் பிரச்சினையை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய கணவரும் திடீரென்று இறந்துபோனவர். திரும்ப வேலைக்குப் போன அன்று கறுப்பு உடையில் போயிருக்கிறார். கறுப்பு வேண்டாம், பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று சொல்லி, மஞ்சள் கோட்டு ஒன்றைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். துக்கம் முழுவதையும் அந்தக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வாசித்ததாகச் சொன்னார்.

எங்கள் பக்கம் புருஷனை இழந்தவளுக்கு மஞ்சளே ஆகாது என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு இருவருமே காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவருக்கும் நாற்காலி நிலைக்கவில்லை. முகத்தில் சுருக்கம் விழுந்ததும் சின்ன வயதுப் பெண் ஒருத்தியை உட்கார வைத்துவிட்டார்கள். அதனால்தான் இப்படி ஊர் ஊராகப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

ஆனால் அவர் சொன்ன ஒரு தொழில் விஷயம் கடைசிவரை என்னோடு இருந்தது. கேமராவைப் பார்த்து வாசிக்காதே, ஊருக்கென்றும் வாசிக்காதே. ஒரே ஒரு ஆளை மனதில் வைத்துக்கொள். இந்தச் செய்தி கட்டாயம் வேண்டியிருக்கிற ஆள். அவருக்கு விளங்கினால் எல்லாருக்கும் விளங்கும்.

நான் மாமாவை வைத்துக்கொண்டேன். அவரால் எழுத்தையோ படத்தையோ பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நான் சொல்வது காதில் விழுந்தால்தான் உண்டு.

4. கடலோரம்

பின்னணிக் குரலுக்காக நான் போயிருந்த ஒரு நாள், மத்தியானத்திலிருந்தே காற்றும் மழையுமாக இருந்தது. புயல் மரக்காணம் பக்கம் கரையைக் கடக்கலாம் என்று வானிலை அலுவலகம் சொல்லியிருந்தது. சாலையெல்லாம் தண்ணீர். அன்று வாசிக்க வேண்டிய பெண் வரவில்லை. சூசையும் வரவில்லை. புல்லட்டினுக்கு நேரமாகிவிட்டது.

தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார். என் தலைமுடி நனைந்திருந்தது. முகத்தில் பவுடர்கூட இல்லை. நெற்றி வெறுமையாக இருந்தது.

"உக்காருங்க வசந்தா. வேற வழி இல்ல."

ஸ்கிரிப்டில் மை காயவில்லை. கடலோரக் கிராமங்களின் பெயர்களை மாமாவுக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இன்று இரவு எந்த வண்டியும் போக வேண்டாம் என்ற வரியை இரண்டு முறை வாசித்தேன். ஸ்கிரிப்டில் ஒரு முறைதான் இருந்தது. ஸ்டுடியோவில் எங்களுக்குச் சைகை காட்டும் ஃப்ளோர் மேனேஜர், மேலே போ என்று கையைக் கையை ஆட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை.

முடித்து வெளியே வந்தபோது போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. தயாரிப்பாளரே எடுத்துப் பதில் சொன்னார். எங்கே கரை கடக்கும், எங்கள் ஊர் அதில் வருமா, பள்ளிக்கூடத்தில் தங்கலாமா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். நெற்றியைப் பற்றி ஒரு போன்கூட வரவில்லை.

மறுநாள் ரயில் திண்டிவனம் வரைதான் வந்தது. பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றபோது எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. உப்பளத்துக்கு லோடு ஏற்றப் போன லாரி ஒன்றைத் தரைப்பாலத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. டிரைவர் உடல் காலையில்தான் கிடைத்ததாம். விழுப்புரத்து வண்டி என்றார்கள்.

கோபாலின் தம்பி ரவி விழுப்புரத்தில் லாரி ஓட்டுகிறான். அவன் வாரம் தவறாமல் போவது மரக்காணம் உப்பளத்துக்குத்தான். பஸ்ஸில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. வாய் மட்டும் ரவி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

5. இருந்துச்சா, இல்லியா?

வாசலில் ரவி நின்றுகொண்டிருந்தான். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"போனது காசிம் அண்ணன் வண்டி அண்ணி," என்றான். கண் சிவந்திருந்தது. "ரெண்டு வண்டியும் ஒண்ணாதான் கெளம்ப வேண்டியது. நான் சாவிய எடுத்துக்கினு செருப்பு மாட்றேன், அப்பா புடிச்சி நிறுத்திட்டாரு. காசிம் அண்ணன்கிட்ட ஓடிப்போயி சொன்னேன். ஜல்தியா போயிட்டு ஜல்தியா வந்துடறேன்னு போனாரு."

உள்ளே மாமா அதே நாற்காலியில் இருந்தார். என் காலடி கேட்டதும் முகத்தைத் திருப்பினார்.

"வாம்மா. நேத்து தெரு ஜனம் பூரா இங்கதான் குந்தியிருந்துச்சு. ஒரே இரைச்சல். ஆனா நீ சொன்னது ஒரு சொல்லு வுடாம காதுல வுழுந்துச்சு. ரெண்டாவது வாட்டி சொன்ன பாரு, அப்பதான் இவன் சட்டைய புடிச்சேன்."

அத்தை அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தார். மாமா அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"எனக்குத்தான் கண்ணு தெரியாது. நீ பாத்துக்கினு தான இருந்த? நேத்து இவ நெத்தில பொட்டு இருந்துச்சா, இல்லியா?"

அத்தை என் நெற்றியைப் பார்த்தார். யோசித்தார். அன்று பொட்டு வைத்ததற்காக என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டவர் அவர்.

"தெரியலியே," என்றார். அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். கோபாலுக்காக அழுதாரா, ரவிக்காக அழுதாரா, காசிமுக்காகவா, தெரியாது. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். கோபால் செத்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

கடைசி வார்த்தையை மாமா அப்போது சொன்னார். "வேலைய வுடாதம்மா."

அன்று மத்தியானம் எல்லாரும் காசிம் வீட்டுக்குப் போனோம். கூடத்தின் மூலையில் ஒரு டிவி துணி போட்டு மூடியிருந்தது. சொன்ன செய்தி எல்லாரையும் காப்பாற்றிவிடாது என்பதை அந்த மூலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் தயாரிப்பாளரே ஸ்க்ரீன் டியூட்டிக்குக் கூப்பிட்டார். அடுத்த மாதம் என்று சொன்னதை அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மேக்கப் அறையில் சூசை பவுடர் போட்டார், முடியை ஒதுக்கினார். கண்ணாடி ஓரத்தில் அந்த மெரூன் பொட்டு இன்னும் இருந்தது. அவர் கை அந்தப் பக்கம் போய் நின்றது.

"அக்கா, வைக்கவா, வேணாமா?"

இத்தனை நாளில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"இன்னைக்கு வேணாம் சூசை," என்றேன். பின்னாளில் வைத்த நாளும் உண்டு, வைக்காத நாளும் உண்டு. இரண்டையும் நானே சொன்னேன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் குரல், உச்சரிப்பு, கேமரா பார்வை என்று நிறையக் கேட்கிறார்கள். எல்லாம் பழகப் பழக வந்துவிடும். யார் காதில் விழ வேண்டிய செய்தி என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். மேக்கப் அறையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். ஒருத்தர் நெற்றியில் கை வைக்கும் முன்னால் அவரைக் கேளுங்கள்.