பனியில் ஒலித்த கம்பம்

என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் ஒரு பெரிய இரும்பு போல்ட் தொங்குகிறது. தேயிலை ஆலையில் இலை உருட்டும் இயந்திரத்திலிருந்து கழற்றிப் போட்டது. என் வீட்டுக்காரர் அதை எடுத்து வந்து கயிறு கட்டினார். கால்பந்தாட்டத்தில் கோல் காக்கப் போகும்போதெல்லாம் கொண்டுபோய்க் கம்பத்தடியில் வைத்துக்கொள்வார்.

எங்கள் எஸ்டேட்டில் மதியம் கழிந்தால் பனி இறங்கிவிடும். ஆட்டம் நடக்கும்போதே எதிரில் நிற்பவன் முகம் மறைந்துபோகும். பந்து திடலில் கிடக்கிறதா, தேயிலைச் செடிக்குள் உருண்டுவிட்டதா என்று தெரியாது. அப்போது கோல் காப்பவர் கம்பத்தில் தட்டுவார். இரண்டு தட்டு. நம் கோல் இங்கே இருக்கிறது என்று நம் ஆட்களுக்கு அடையாளம். இவருக்கு முன்னால் கோலில் நின்றவர்களும் அப்படித்தான் தட்டினார்களாம். ரிங்லெட்டிலிருந்து வந்த ஓர் ஆட்டக்காரன் ஒருமுறை கேலி செய்தான். "என்ன லா, பூசை நடக்குதா? நீங்க தட்டுனா எங்களுக்கும்தானே கேக்குது." இவர் சிரிக்கவில்லை. "கேக்கட்டும். வழி தெரியாம நிக்கிறவன்கிட்ட என்ன ஆட்டம்? வா, பாத்துக்கிறேன்" என்றார். அன்று அவன் அடித்த பந்து ஒன்றும் உள்ளே போகவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குக் கப்பலில் வந்தவர்கள் தொடங்கிய பந்தாட்டச் சங்கம் எங்களுடையது. பகலெல்லாம் துரைக்கு மண் வெட்டிவிட்டு, மாலையில் தங்களுக்கு வெட்டினார்கள். மலைச்சரிவு அப்படித்தான் திடல் ஆனது. கோல் கம்பம் பழைய தண்ணீர்க் குழாய். மஞ்சள் ஜெர்சியை மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்துத்தான் போடுவார்கள். என் தாத்தாவும் இவர் தாத்தாவும் அந்தச் சங்கத்தில் ஆடியவர்கள். எஸ்டேட்டுகளுக்குள் நடக்கும் பந்தயத்தில் சங்கம் வருடாவருடம் இறங்கும் வரைக்கும் திடல் உங்களுக்கு என்று அந்தக் காலத்துத் துரை வார்த்தை கொடுத்தார். பின்னால் வந்த மேனேஜர்கள் எல்லாரும் அதை மதித்தார்கள். ஒரு வருடம் இறங்காவிட்டால் திடல் கம்பெனிக்குப் போய்விடும். இது லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு பிள்ளைகள் ஈப்போ, சிங்கப்பூர் என்று போனார்கள். எங்கள் பிள்ளையும்தான். காலி வீடுகளுக்கு நேப்பாளத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இலை வெட்டினார்கள், மருந்து அடித்தார்கள், மாலையில் திடலுக்கு வந்து ஆடினார்கள். நல்ல கால்கள். இவர் அவர்களுக்கும் கோலில் நிற்பார். பனி இறங்கினால் தட்டுவார். அந்தச் சத்தம் அவர்களுக்கும் பழகிவிட்டது.

அந்த வருடம் பந்தயத்துக்கு நம் ஆட்கள் பதினொரு பேர் சேரவில்லை. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நான் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். நேப்பாளப் பையன்கள் சிலரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் இவர். சங்கத் தலைவர் என் அண்ணன். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுந்தார்.

"நம்ம தாத்தாமாரு வெட்டுன திடல், மாப்ள. இவனுங்க பெர்மிட் முடிஞ்சா போறவனுங்க. இவனுங்களுக்கு நம்ம ஜெர்சியா?"

"தாத்தாமாரும் வந்து இறங்குனவங்கதானே, மச்சான்?"

"அது வேற, இது வேற."

கை தூக்கச் சொன்னார்கள். சேர்க்கலாம் என்று தூக்கியது இவர் கை மட்டும். பெண்களை யாரும் கேட்கவில்லை. தோற்றாலும் நம் ஆளோடு தோற்போம் என்று பேசிக்கொண்டு எழுந்து போனார்கள். தோற்பதற்கும் பதினொரு பேர் வேண்டும். பந்தயத்தன்று மஞ்சள் ஜெர்சி இறங்கவில்லை. கொஞ்ச நாளில் திடலைச் சுற்றி வேலி வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் இவர் மாலையில் போய் வேலிக்கு வெளியே நிற்பார். வீட்டில் பேச்சில்லை. சோற்றில் கை வைத்துவிட்டுப் பாதியில் எழுந்துவிடுவார். ஒருநாள் மட்டும் சொன்னார். "திடல் போனதுக்கு இல்ல, புள்ள. நம்ம ஆளுங்க கை எல்லாம் கீழேயே கெடந்துச்சு பாரு. அதான்."

மழைக்காலத்தில் நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

திடலைத் தாண்டி, எங்கள் கோலுக்குப் பின்னால்தான் இடுகாடு. பெட்டியைத் தூக்கும்போது பனி இல்லை. பாதி வழியில் இறங்கிவிட்டது. பாதையின் ஒரு பக்கம் பள்ளம். தூக்கியவர்கள் கால் வைக்கப் பயந்து நின்றுவிட்டார்கள். அப்போது முன்னாலிருந்து சத்தம் வந்தது. இரண்டு தட்டு. மறுபடியும் இரண்டு. குழி வெட்டப் போயிருந்த நேப்பாளப் பையன்கள் வேலி தாண்டிப் போய்க் கடப்பாரையால் கம்பத்தில் தட்டினார்கள். முன்பக்கம் தோள் கொடுத்திருந்தது என் அண்ணன். சத்தம் வந்த பக்கமாக முதலில் கால் எடுத்து வைத்தவரும் அவர்தான்.

காரியம் முடிந்து அண்ணன் வந்தார். "அந்த போல்ட்ட குடு தங்கச்சி. மண்டபத்துல சங்கம் ஜெயிச்ச கோப்பைங்களோட வைப்போம்" என்றார். வேண்டாம் அண்ணே என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

திடலில் இப்போது பிளாஸ்டிக் கூரை போட்டு ஸ்ட்ராபெரி வளர்க்கிறார்கள். கம்பங்களை அறுத்து லோரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். அந்தப் பையன்களும் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். மதியம் கழிந்தால் பனி மட்டும் இறங்குகிறது. அப்போது போல்ட்டை ஆணியிலிருந்து எடுப்பேன். குளிர்ந்து கிடக்கும். சூடேறும் வரை கையில் வைத்திருந்து, மறுபடி மாட்டிவிடுவேன். தட்டக் கம்பம் இல்லை.