சரோஜாவிடம் மட்டும் பேசிய மீன்காரர்

என் கணவர் காலமானபின் பொழுது போகாமல் நான் கல்லூரியில் சேர்ந்தேன், இப்போது விட்டுவிட்டேன் என்று நம் மின்னஞ்சல் குழுவில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தவறு. தொடர்புத்துறைப் பட்டப்படிப்பில் இது எனக்கு இரண்டாம் ஆண்டு.

இன்று காலை ஆயர் ஈத்தாம் சந்தையில் பேட்டிப் பயிற்சி. பன்னிரண்டு கேள்விகளைத் தட்டச்சு செய்து, மீன்காரர் முன் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினேன்.

"இன்னும் போணிகூட ஆகல டீச்சரம்மா, அதுக்குள்ள பரீட்சையா?" என்றார். அதன்பின் வெறும் "ஆமாம்", "இல்லை".

பிறகு வகுப்புத் தோழி சரோஜா வந்தாள். பாயான் பாரு பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். கையில் தாள்கூட இல்லை.

"அண்ணே, கெம்போங் மீன் அரைக் கிலோ போடுங்க. நேத்து மழையில எப்படி வந்தீங்க?"

மழையில் தொடங்கியவர் மகளின் கல்யாணம்வரை அரைமணி நேரம் பேசினார்.

"மன்னிச்சுக்குங்க அக்கா, அவரா பேசிட்டாருலா," என்றாள். அதுதான் அதிகம் எரிந்தது. திரும்பும் பேருந்தில் அவளைவிட்டுத் தள்ளியே உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒலிநாடாவைக் கொடுக்க வேண்டும். என்னுடையதில் முக்கால்வாசி என் குரலே இருக்கிறது. இப்படியே கொடுத்தால் தேறமாட்டேன். நாளை மறுபடி போகிறேன்.

முன்பின் தெரியாதவரைப் பேசவைப்பது எப்படி? "சரோஜாவையே கேள்" என்று மட்டும் சொல்லாமல், தெரிந்தவர்கள் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.